உயிர் காத்த படகுக்கு உயிர் கொடுப்பது யார்? நெட்டுக்குப்பம் கரையில் ஒரு நாள்

சென்னையில் யாரிடமாவது "பீச்சுக்குப் போலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். மெரினா, பெசன்ட் நகர், ஈ.சி.ஆர். என்று வண்டி தெற்குப் பக்கமாகத்தான் திரும்பும். துறைமுகத்தைத் தாண்டி வடக்கே போனாலும் அதே வங்கக் கடல்தான், அதே சூரிய உதயம்தான். ஆனால், அந்தப் பக்கம் போகிறவர்கள் குறைவு. வேலைக்குப் போகிறவர்கள் போவார்கள், லாரிகள் போகும். சுற்றிப் பார்க்க என்று கிளம்புகிறவர்கள் அபூர்வம்.

அந்த வடக்குக் கடற்கரையில், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது நெட்டுக்குப்பம். எண்ணூரின் மீனவ ஊர்களில் ஒன்று. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புகைபோக்கிகள், துறைமுகம், நிலக்கரி. நடுவே நீளவாக்கில் ஒரு ஊர்.

இந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், கரையில் கிடக்கும் படகுகளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஏனென்றால், இந்த நகரத்தின் முதல் 'லைஃப் போட்' எது என்ற கேள்விக்கும், அந்த லைஃப் போட்டை இப்போது யார் காப்பாற்றுவது என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான் கிடக்கிறது.

போகிற வழியே ஒரு பாடம்

நெட்டுக்குப்பம் போக இப்போது சிரமமே இல்லை. விம்கோ நகர் பணிமனை வரை மெட்ரோ ஓடுகிறது. அங்கிருந்து எண்ணூர் பஸ்ஸோ, ஷேர் ஆட்டோவோ பிடித்தால் போதும். ரயில் பிரியர்கள் கும்மிடிப்பூண்டி பாதையில் போகும் புறநகர் ரயிலில் ஏறி கத்திவாக்கத்திலோ எண்ணூரிலோ இறங்கலாம்.

ஆனால், நேரம் இருப்பவர்கள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் விரைவு சாலை வழியாகவே போங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையமான ராயபுரம் ஸ்டேஷன் 1856-ல் திறக்கப்பட்டது. அதைத் தாண்டினால் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். பிறகு திருவொற்றியூர். வடிவுடையம்மன் கோயிலும், கடலைப் பார்த்தபடி இருக்கும் பட்டினத்தார் சமாதியும் இங்கேதான். அப்புறம் தொழிற்சாலைகள். ராயல் என்ஃபீல்டின் பழைய ஆலை, எம்.ஆர்.எஃப்., விம்கோ, அசோக் லேலண்ட் என்று நம் வீட்டு வண்டியிலிருந்து தீப்பெட்டி வரைக்கும் செய்து கொடுத்த ஊர் இது.

வண்டி போகும்போது வலது பக்கம் பார்த்துக்கொண்டே வாருங்கள். கடல் தெரியும், மணல் அவ்வளவாகத் தெரியாது. கரை நெடுகக் கருங்கற்களைக் கொட்டி வைத்திருப்பார்கள். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். 1875-ல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டி, கடலுக்குள் சுவர் நீட்டியபோது அந்த மணல் தெற்கே தேங்கியது. அப்படித் தேங்கிய மணல்தான் மெரினாவை அகலமாக்கியது. வடக்கே வர வேண்டிய மணல் வராததால், ராயபுரத்துக்கு அப்பால் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. அதைத் தடுக்கத்தான் இந்தக் கற்கள்.

நமக்கு மெரினா கிடைத்தது. வடசென்னைக்குக் கல் கிடைத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மரப்படகுகள் மறைந்த கதையில் இந்தக் கல்லுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

"போட்டோ எடுக்க வந்தியாப்பா?"

கேமராவோடு நெட்டுக்குப்பத்துக்குள் நுழைகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் கேள்வி இதுதான். காரணம், கடலுக்குள் நீண்டு, பாதியில் இற்றுப்போய் நிற்கும் பழைய பாலம். விடியற்காலையில் சூரியன் அதன் தூண்களுக்கு நடுவே எழும்பும் காட்சியை இன்ஸ்டாகிராமில் நீங்களும் பார்த்திருக்கலாம். பலர் அதை எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள்.

கொஞ்சம் நேரம் இருந்து பாருங்கள். காலை ஆறரை, ஏழு மணிக்குப் படகுகள் திரும்ப ஆரம்பிக்கும். கடலுக்குப் போனவை ஒரு பக்கம், ஆற்றுக்குப் போனவை இன்னொரு பக்கம். இறால், நண்டு, மடவை என்று கூடையில் இறங்கும். பெண்கள் தரம் பிரிப்பார்கள். பேரம் நடக்கும். வெயில் ஏற ஏற ஆண்கள் நிழலில் உட்கார்ந்து வலையைப் பிரித்து, அறுந்த கண்ணிகளைக் கோர்ப்பார்கள்.

கரையில் நிற்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான். நீலம், மஞ்சள், பச்சை என்று பளிச்சென்று இருக்கும். முன்பக்கம் சாமி பெயர், பிள்ளைகள் பெயர், சில படகுகளில் நடிகர் படம். கட்டுமரம்? தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும். அதுவும் பழைய கட்டுமரம் போல மரத்தால் ஆனதா என்று உற்றுப் பார்க்க வேண்டும். இப்போது ஃபைபரிலும் தெர்மாக்கோலிலும்கூட அதே வடிவத்தில் செய்துகொள்கிறார்கள்.

பழைய மரம் கிடக்கிற இடம் வேறு. வீட்டு ஓரத்தில், வலைக்கூடத்துப் பின்னால், மணலில் பாதி புதைந்து, வெடித்து, சாம்பல் நிறத்தில் கிடக்கும். பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து விளையாடுவார்கள், கோழி படுத்திருக்கும். வெளியூர்க்காரருக்கு அது விறகு.

ஆனால், விறகு என்று சொல்லிவிட முடியாத ஒரு வரலாறு அதற்கு உண்டு.

மெட்ராஸின் முதல் லைஃப் போட்

துறைமுகம் வருவதற்கு முன்னால் மெட்ராஸுக்குக் கப்பல்கள் எப்படி வந்தன? வந்தன, ஆனால் கரைக்கு வரவில்லை! ஆழம் இல்லாததால் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நின்றுவிடும். அங்கிருந்து கரைக்கு வர வேண்டும் என்றால், அடுத்தடுத்து உடையும் பெரிய அலைகளைத் தாண்ட வேண்டும். ஐரோப்பியக் கப்பல்களின் படகுகள் அந்த அலையில் சிக்கினால் உடைந்து சிதறிவிடும்.

அப்போது கை கொடுத்தவை இரண்டு. ஒன்று, மசூலா படகு. இதில் ஆணியே கிடையாது. பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, இடையில் தென்னை நார் வைத்து, கயிற்றால் தைத்த படகு. ஆணி அடித்த படகு மணலில் மோதினால் பலகை பிளக்கும். தைத்த படகு கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். கவர்னர்கள், வியாபாரிகள், சிப்பாய்கள், சாமான்கள், கடிதங்கள் எல்லாமே இந்தப் படகில்தான் கரை சேர்ந்தன.

இன்னொன்று, கட்டுமரம். மசூலா படகு அலையில் வரும்போது, பக்கத்திலேயே கட்டுமரக்காரர்கள் துடுப்புப் போட்டுக்கொண்டு வருவார்கள். படகு கவிழ்ந்தால், தண்ணீரில் விழுந்தவர்களை இழுத்துப் போடுவது அவர்கள் வேலை. அப்படி உயிர் காத்தவர்களுக்கு அன்றைய கிழக்கிந்திய கம்பெனி அரசு பதக்கம் கொடுத்ததைப் பழைய பயணக் குறிப்புகள் சொல்கின்றன.

யோசித்துப் பாருங்கள். இதற்குப் பெயர்தானே லைஃப் போட்?

இங்கிலாந்தில் உயிர் காப்பதற்கென்றே ஒரு படகை வடிவமைத்துக் கட்டியது 18-ம் நூற்றாண்டின் கடைசியில்தான். ஹென்றி கிரேட்ஹெட் என்பவர் கட்டிய அந்தப் படகு கவிழ்ந்தாலும் மூழ்கக் கூடாது என்பதற்காக, பக்கவாட்டில் கார்க் மரத்தை வைத்துக் கட்டினார். நம் கட்டுமரத்துக்கு அந்தக் கவலையே இல்லை. அதில் தண்ணீர் தேங்கக் குழியே கிடையாது. லேசான மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது என்பதால், எத்தனை முறை புரண்டாலும் மூழ்காது. புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம்.

இங்கிலாந்துக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியான தன் பயண நூலில் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். தமிழ்ச் சொல் ஆங்கிலத்துக்குப் போய் 'கட்டமரான்' ஆனது. இன்று கோடீஸ்வரர்கள் ஓட்டும் இரட்டை உடல் சொகுசுப் படகுக்கு அந்தப் பெயர்தான். பெயர் உலகம் சுற்றுகிறது. பெயர் கொடுத்தது மணலில் புதைந்து கிடக்கிறது.

மரம் போனது எப்படி?

கட்டுமரத்தை யாரும் ஒரே நாளில் கைவிட்டுவிடவில்லை. அது ஒரு உழைப்பாளியின் வாகனம். கடலுக்குப் போய் வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மரம் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். மறுநாள் விடியும் முன்பு மறுபடி கட்ட வேண்டும். பாய், துடுப்பு, தோள் பலம், இவைதான் எஞ்சின்.

ஃபைபர் படகு வந்தபோது மோட்டாரும் சேர்ந்து வந்தது. தூரம் போகலாம், சீக்கிரம் திரும்பலாம், அதிக வலை ஏற்றலாம். மரம் போல இற்றுப்போகாது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் தமிழகக் கரைக்கு வந்து சேர்ந்தன. சுனாமியில் உடைந்த கட்டுமரங்களின் இடத்தை அவை பிடித்துக்கொண்டன. பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பும் வீட்டில், வேகமாகத் திரும்பி வரும் படகு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

கரையும் ஒரு காரணம். கட்டுமரம் அலையோடு வந்து மணலில் ஏறும் வாகனம். துறைமுகமோ, படகுத் துறையோ அதற்குத் தேவையில்லை, சரிவான மணல் மட்டும் போதும். அந்த மணலின் இடத்தில்தான் கல் வந்தது. கல்லில் ஏறினால் கட்டுமரம் சிதறும். படகு மாறியதற்கு முன்பே கரை மாறிவிட்டது.

மரமும் போனது, மரவேலை தெரிந்தவர்களும் குறைந்தார்கள். எந்த மரத்தை எந்த வளைவில் செதுக்க வேண்டும் என்பது புத்தகத்தில் இல்லாத படிப்பு. அப்பா செதுக்கும்போது மகன் கூட நின்று கற்றுக்கொள்ள வேண்டியது. அப்பாவுக்கே வேலை இல்லாதபோது, மகன் எங்கே நிற்பான்?

பழைய மரப்படகுக்கு வைத்தியம்

'இற்றுப்போன மரப்படகை மறுபடி கடலில் இறக்க முடியுமா?' முடியும். ஆனால், அவசரப்பட்டால் நடக்காது. இந்த வேலை இன்னும் உயிரோடு இருப்பது காசிமேட்டில். அங்கே இருக்கும் மர விசைப்படகுகளுக்கு வருடா வருடம் பராமரிப்பு நடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரை ஏறி நிற்கும் அந்த நாட்கள்தான் தச்சர்களுக்கு சீசன்.

முதல் வேலை, காய வைப்பது. ஆனால், கடும் வெயிலில் போட்டால் பலகை வெடித்துவிடும். நிழலில், காற்றோட்டமாக, மெதுவாக உலர வேண்டும்.

அடுத்து, பரிசோதனை. சுத்தியலால் பலகையை ஒவ்வோர் அடியாகத் தட்டிக்கொண்டே வருவார்கள். கணீரென்று சத்தம் வந்தால் மரம் நலம். பொத்தென்று கேட்டால் உள்ளே உளுத்திருக்கிறது. சந்தேகமான இடத்தில் உளி முனையைக் குத்திப் பார்ப்பார்கள். ரொட்டியில் போவது போல உள்ளே போனால், அந்தப் பலகை தேறாது. கடலில் மரத்தைக் குடைந்து தின்னும் ஒரு வகைப் புழு உண்டு. வெளியே ஊசித் துளைதான் தெரியும், உள்ளே முழுக்கச் சுரங்கம் தோண்டியிருக்கும். தட்டிப் பார்ப்பது அதைக் கண்டுபிடிக்கத்தான்.

மூன்றாவது, அறுவை சிகிச்சை. அடியில் முதுகெலும்பு போல ஓடும் மரத்துக்கு ஏரா என்று பெயர். அதிலிருந்து விலா எலும்புகள் போல எழும்புபவை வங்குகள். முன்பக்கம் அணியம். ஏராவும் வங்குகளும் திடமாக இருந்தால், பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் படகைக் காப்பாற்றிவிடலாம். ஏரா போய்விட்டால், புதுப் படகு கட்டுவதே லாபம். துருப்பிடித்த ஆணியைச் சுற்றியுள்ள மரமும் கறுத்து இற்றுப்போயிருக்கும். ஆணியை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை, அந்த இடத்து மரத்தையும் வெட்டி எடுத்து ஒட்டுப் போட வேண்டும்.

நான்காவது, கலப்பத்து. இரண்டு பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, உளியும் சுத்தியலுமாக அடித்து இறுக்குவது. அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சிப் பூசுவார்கள். திரி தளர்வாக இருந்தால் தண்ணீர் புகும். அளவுக்கு மேல் இறுக்கினால், பலகை ஊறும்போது விரிவதற்கு இடம் இல்லாமல் படகே பிளக்கும். அந்தக் கை அளவு அனுபவத்தில் வருவது.

கடைசியில் எண்ணெய். மீன் எண்ணெய், முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் என்று மரத்துக்குப் பூசும் வழக்கம் நம் கரையில் உண்டு. தண்ணீரையும் புழுவையும் தள்ளி வைக்கும்.

இத்தனையும் செய்து படகைத் தண்ணீரில் இறக்கினால் என்ன ஆகும் தெரியுமா? ஒழுகும்! பார்க்கிறவர்களுக்குப் பகீரென்று இருக்கும். தச்சர் பதற மாட்டார். பலகைகள் தண்ணீர் குடித்து உப்பி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, தானாகவே இடுக்கை அடைத்துக்கொள்ளும். அதுவரை இறைத்து ஊற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மரப்படகு தண்ணீரில் இருக்கும்வரைதான் ஆரோக்கியம். கரையிலேயே கிடந்தால் அதற்கு அதுதான் நோய்.

2023 டிசம்பர்: கறுப்பாக வந்த வெள்ளம்

மரப்படகுக்காவது வயதாகி நோய் வந்தது. நல்ல நிலையில் இருந்த ஃபைபர் படகுகளுக்கும் ஒரு நாள் நோய் வந்தது.

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் மழையில் சென்னையே மிதந்தது நினைவிருக்கும். அதே நாட்களில் மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வெள்ளத்தோடு எண்ணெயும் கொசஸ்தலை ஆற்றில் கலந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

ஆற்றங்கரையில் கட்டியிருந்த படகுகளில் தண்ணீர்க் கோடு வரைக்கும் கறுப்புத் தார் பூசியது போல எண்ணெய் ஒட்டிக்கொண்டது. வலைகள் பிசுபிசுத்தன. அலையாத்திச் செடிகளின் வேர்கள் கறுத்தன. எண்ணெயில் நனைந்த கூழைக்கடாக்களின் படங்களை நாமெல்லாம் போனில் பார்த்து 'உச்' கொட்டினோம்.

ஃபைபர் படகை டீசலோ மண்ணெண்ணெயோ போட்டுத் தேய்த்துக் கழுவிவிடலாம். நாள் கணக்கில் தேய்க்க வேண்டும் என்றாலும் முடியும். வலையைக் கழுவ முடியாது. எண்ணெய் வாசம் ஏறிய வலையில் பிடித்த மீனை யார் வாங்குவார்கள்? சுத்தமான கடலில் பிடித்த மீனுக்கே, "எண்ணூர் மீனா?" என்று கேட்டு விலகிப் போனவர்கள் உண்டு.

அந்த எண்ணெயை அள்ளியது யார்? மிதவைத் தடுப்புகள் வந்தன, உறிஞ்சும் லாரிகள் வந்தன. ஆனால், ஆற்றின் இண்டு இடுக்கெல்லாம் போய் வாளியாலும் மக்காலும் அள்ளியது உள்ளூர் மீனவர்கள்தான், தங்கள் படகுகளிலேயே. படகை நாசமாக்கிய எண்ணெயை அதே படகில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் கரையில் வாளியோடு நின்ற காட்சி இதேதான். அந்த 2023 டிசம்பர் முடிவதற்குள், 26-ம் தேதி இரவு, பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் குழாயில் அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறலோடு வீட்டைவிட்டு ஓடினார்கள். ஒரே மாதம், இரண்டு அடி.

787 படகுகள், தலா 10,000 ரூபாய்

எண்ணெய்க் கசிவுக்குத் தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய். மொத்தம் சுமார் 8.68 கோடி.

பெரிய தொகைதான். ஆனால், ஒரு படகுக்குப் பக்கத்தில் நின்று 10,000 ரூபாயை எண்ணிப் பாருங்கள். புது ஃபைபர் படகு, மோட்டார், வலை எல்லாம் சேர்த்தால் லட்சங்களில் போகும். கழுவும் செலவுக்கும், பெயின்ட்டுக்கும், மோட்டார் சர்வீஸுக்கும் அது கை கொடுத்திருக்கும். வலைக்கு? வேலை போன நாட்களுக்கு? கடன் வாங்கித்தான் ஓட்ட வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. படகைக் கழுவி பெயின்ட் அடித்து, புதுசு போல ஆக்கியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதை எங்கே இறக்குவது? கொசஸ்தலை ஆறு சரியாகாமல், படகு மட்டும் சரியாகி என்ன பயன்? அனல் மின் நிலையங்களின் சாம்பல் பல வருடங்களாக ஆற்றில் கலந்து, ஆழம் குறைந்து கிடக்கிறது. ஆழம் குறைந்தால் மீன் குறையும், முகத்துவாரம் அடைபடும், படகு தரை தட்டும். 450 மெகாவாட் எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது. சாம்பல் போகவில்லை.

காசிமேட்டுத் தச்சர் ஏராவைத் தட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். மேல் பலகையை எத்தனை முறை மாற்றினாலும், அடிமரம் உளுத்துவிட்டால் படகு நிற்காது. எண்ணூரின் ஏரா அந்த ஆறு.

வெள்ளம் வந்தால் மட்டும் நினைவுக்கு வருகிறவர்கள்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தெருக்கள் ஆறாக ஓடியபோது, லாரியில் ஏற்றிக்கொண்டு வரப்பட்டவை எவை? மீனவர்களின் படகுகள். 2018 ஆகஸ்டில் கேரளா மூழ்கியபோது, தங்கள் படகுகளை ஏற்றிக்கொண்டு ஓடி வந்து ஆயிரக்கணக்கானவர்களை மீட்ட மீனவர்களை, 'கேரளத்தின் சொந்த ராணுவம்' என்று அந்த மாநில முதல்வர் பாராட்டினார். 2023 மிக்ஜாம் வெள்ளத்திலும் நகருக்குள் மீட்புக்கு ஓடியவை மீனவர் படகுகள்தான். நகரம் அவர்கள் படகில் ஏறிக் கரை சேர்ந்த அதே வாரத்தில்தான், எண்ணூரில் நகரத்தின் எண்ணெய் அவர்கள் படகில் ஒட்டிக்கொண்டது.

அலையில் விழுந்தவர்களைக் கட்டுமரத்தில் இழுத்துப் போட்ட காலத்திலிருந்து, அப்பார்ட்மென்ட் மாடியிலிருந்து இறக்கிவிட்ட காலம் வரை, இந்த ஊரின் லைஃப் போட் மாறவில்லை. மரம் ஃபைபர் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் ரெட்கார் என்ற கடற்கரை ஊரில் 'ஜெட்லண்ட்' என்று ஒரு மர லைஃப் போட் இருக்கிறது. ஹென்றி கிரேட்ஹெட் 1802-ல் கட்டியது. 500-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்தது. உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய லைஃப் போட் அதுதான். அந்த ஊர்க்காரர்கள் அதற்கு ஒரு அருங்காட்சியகமே வைத்துப் பாதுகாக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் போய்த் தொட்டுப் பார்க்காவிட்டாலும், பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள்.

நம்மிடமும் முடியாதது இல்லை. ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த கப்பல் ஒன்றை, அஜந்தா ஓவியத்தைப் பார்த்துக் கேரளத் தச்சர்களைக் கொண்டு கட்டி, 2025 மே மாதம் இந்தியக் கடற்படையில் சேர்த்திருக்கிறார்கள். 'கௌண்டின்யா' என்று பெயர். அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் அது போர்பந்தரிலிருந்து பாய் விரித்து ஓமனின் மஸ்கட்டுக்குக் கிளம்பியது. மசூலா படகைத் தைத்த அதே வித்தைதான். கை வேலை தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து, வேலையும் கூலியும் கொடுத்தால், மறந்துபோன படகும் கடலில் இறங்கும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா?

மெட்ராஸுக்கு வந்த அத்தனை பேரையும் கரை சேர்த்த ஒரு மசூலா படகும், ஒரு கட்டுமரமும் வடசென்னைக் கடற்கரையில், செய்யத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, பிள்ளைகள் பார்க்கச் செய்து வைக்கப்பட வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வேண்டாம். காலையில் கட்டி, தண்ணீரில் இறக்கி, மாலையில் பிரித்துக் காய வைக்கிற மாதிரி. ஏனென்றால் மரப்படகு கரையில் கிடந்தால் சாகும்.

நீங்களும் போகலாம்

* விடியற்காலை 5.30 மணிக்குள் போய்விடுங்கள். சூரிய உதயத்தையும் படகுகள் திரும்புவதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

* உடைந்த பாலத்தின்மேல் ஏறாதீர்கள். முகத்துவாரத்தில் குளிக்க இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுவை பலமாக இருக்கும். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

* வலை காயும் இடத்தில் மிதித்து நடக்காதீர்கள். படகில் ஏறி போட்டோ எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். "அண்ணே, எடுத்துக்கட்டுமா?" என்றால் யாரும் மாட்டேன் என்பதில்லை. படகின் கதையும் சேர்த்தே கிடைக்கும்.

* மீன், இறால், நண்டு கரையிலேயே வாங்குங்கள். பேரம் பேசும்போது, அந்த விலையில் டீசலும் வலையும் சேர்ந்திருப்பதை மறந்துவிடாதீர்கள்.

* தண்ணீர் பாட்டில், சிப்ஸ் கவர் எதையும் அங்கே போட்டுவிட்டு வராதீர்கள். ஏற்கெனவே மற்றவர்கள் குப்பையைத்தான் அந்த ஊர் சுமந்துகொண்டிருக்கிறது.

* திரும்பும்போது காசிமேட்டில் ஒரு நடை இறங்குங்கள். ஏப்ரல் பாதி முதல் ஜூன் பாதிக்குள் போனால், படகுகளுக்குப் பராமரிப்பு நடப்பதைப் பார்க்கலாம். 'டக், டக்' என்று கலப்பத்து அடிக்கும் சத்தம் எங்கே கேட்கிறதோ, அங்கே பிள்ளைகளை ஐந்து நிமிடம் நிறுத்திவையுங்கள். அந்தச் சத்தத்தைத் தெரிந்தவர்கள் இருக்கும்வரை, இற்றுப்போன எந்தப் படகுக்கும் இன்னொரு கடல் மிச்சம் இருக்கிறது.